தோற்ற பின்னர் அது யாருடைய அணி?

இங்கிலாந்து உதைபந்தாட்ட அணியின் தோல்விகளும் இரசிகர்களின் தீர்ப்புகளும்

(புலம்பெயர் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கூடிய அவையொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியொன்று நிறைவுறும் நாளில் ஒரேயொரு நாடு மட்டுமே மகிழ்கின்றது. 2020 ஆம் ஆண்டுக்குரியதாகப் பெயரிடப்பட்டு, பெருந்தொற்றின் காரணமாக 2021 இல் நடைபெற்ற ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் 24 நாடுகள் பங்குகொண்டன. அவற்றுள் 23 நாடுகளின் இரசிகர்கள் தோல்வியோடுதான் வீடு திரும்பினர். ஆகவே, ஒரு நாட்டு அணியின் இரசிகராக வாழ்வது என்பதன் பெரும்பகுதி, வெற்றியைக் கொண்டாடுவதில் அன்றித் தோல்வியை எண்ணிப் பார்ப்பதிலேயே கழிகின்றது. எங்கே பிழைத்தது, எவர் பிழைத்தார், அடுத்த முறை என்ன செய்வது என்னும் கேள்விகள் மறுநாட் காலையில் பேருந்திலும், பணியிடத்திலும், பாடசாலை முற்றத்திலும் எழுகின்றன. அக்கேள்விகளை ஒரு மக்கள் கூட்டம் எவ்வாறு கேட்கின்றது என்பதிலிருந்து, அக்கூட்டம் தன்னுள் யாரைச் சேர்த்துக்கொண்டுள்ளது, யாரை வாசற்படியிலேயே நிறுத்தி வைத்துள்ளது என்பதை அறிந்துகொள்ள முடியும்.

இந்த உரை இங்கிலாந்து அணியைப் பற்றியது. அவ்வணியின் தலைமை விளையாட்டரங்கு அமைந்துள்ள வெம்பிளி, இலண்டன் வாழ் தமிழர்களுக்கு அயலிடமன்று. வெம்பிளியிலும் அதனை அடுத்த அல்பேட்டனிலும் ஹரோவிலும் தமிழ்க் கடைகளும், கோவில்களும், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும் பல்லாண்டுகளாக உள்ளன. அப்பகுதியிற் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கிலாந்து அணியின் வெண்ணிறச் சட்டை, பெற்றோர் வாங்கிக் கொடுத்த பிறந்தநாட் பரிசுகளுள் ஒன்று. அப்பிள்ளைகள் அச்சட்டையை அணிந்து அமர்ந்திருந்த ஓர் இரவிலிருந்து இவ்விடயத்தைத் தொடங்குவது பொருந்தும்.

2021 யூலை 11. ஞாயிற்றுக்கிழமை. வெம்பிளியில் இங்கிலாந்தும் இத்தாலியும் இறுதியாட்டத்தில் மோதின. 1966 இல் அதே இடத்தில் மேற்கு ஜேர்மனியை 4 இற்கு 2 என வென்று உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றிய பின்னர், 55 ஆண்டுகளாக இங்கிலாந்தின் ஆடவர் அணி எந்தப் பெருங்கிண்ணத்தையும் வென்றதில்லை. அந்த ஏக்கம் முழுவதும் அன்றிரவு ஓரிடத்தில் திரண்டு நின்றது. ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடங்கள் நிறைவுறும் முன்னரே லூக் ஷோ கோல் அடித்தார். ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டங்களின் வரலாற்றில் அதுவே மிக விரைவாக அடிக்கப்பட்ட கோல். 67 ஆவது நிமிடத்தில் இத்தாலியின் பொனூச்சி அதனைச் சமன் செய்தார். மேலதிக நேரமும் முடிவின்றிக் கழிய, ஆட்டம் பெனால்ரி எனப்படும் தண்ட உதைகளுக்குச் சென்றது.

அந்தத் தண்ட உதைகளின் வரிசையை மறந்துவிடாமல் நினைவிற் கொள்ள வேண்டும். ஹரி கேனும் ஹரி மக்குவயரும் தம் உதைகளைக் கோலாக்கினர். இத்தாலியின் பெலொற்றியின் உதையை இங்கிலாந்தின் கோல்காப்பாளர் பிக்போர்ட் தடுத்தார். அந்தக் கணத்தில் இங்கிலாந்தே முன்னிலையில் இருந்தது. அடுத்து மார்க்கஸ் றாஷ்போர்டின் உதை கம்பத்தில் மோதியது. ஜேடன் சாஞ்சோவின் உதை தடுக்கப்பட்டது. இத்தாலியின் ஐந்தாவது உதையை எடுத்த ஜோர்ஜினோவின் பந்தையும் பிக்போர்ட் தடுத்தார். இறுதியாக வந்தவர் புக்காயோ சாகா. அவருக்கு அப்போது வயது 19. அவரது உதையை இத்தாலியின் கோல்காப்பாளர் டொன்னறும்மா தடுத்தபோது, 3 இற்கு 2 என்னும் கணக்கில் கிண்ணம் இத்தாலிக்குச் சென்றது.

இளையோர்களே, இங்கே ஒரு சிறு விடயத்தைக் கவனியுங்கள். இத்தாலியின் ஜோர்ஜினோ பிரேசிலிற் பிறந்தவர். குடிபெயர்ந்து இத்தாலிக்கு வந்தவர். அவரும் அன்று ஒரு தண்ட உதையைத் தவறவிட்டார். ஆனால் அவரது அணி வென்றது. ஆதலால் அந்தத் தவறு அன்றிரவே மறக்கப்பட்டது. தவறு ஒன்றுதான், முடிவு மட்டுமே வேறு. இரசிகர்களின் தீர்ப்பு எவ்வளவு தூரம் முடிவைப் பின்தொடர்ந்து ஓடுகின்றது என்பதற்கு இதனைவிட எளிய சான்று தேவையில்லை.

அன்றிரவின் ஆட்டத்தைப் பற்றி நேர்மையாகக் கேட்க வேண்டிய கேள்விகள் பல இருந்தன. விரைவாகக் கோல் அடித்த அணி, அதன் பின்னர் பின்வாங்கி நின்று தன் வாயிலைக் காப்பதையே தொழிலாகக் கொண்டது ஏன்? ஜோர்ஜினோவும் வெராட்டியும் நடுக்களத்தில் பந்தைத் தம் வசமாக்கி ஆட்டத்தின் வேகத்தைத் தாமே வகுத்தபோது, பயிற்றுநர் கேரத் சவுத்கேற் மாற்றங்களைச் செய்யத் தாமதித்தது ஏன்? றாஷ்போர்டும் சாஞ்சோவும் மேலதிக நேரத்தின் கடைசி நிமிடத்தில், தண்ட உதைக்காகவே களமிறக்கப்பட்டனர். பந்தை ஓரிரு முறைகூடத் தொடாத கால்களோடு, ஒரு நாட்டின் 55 ஆண்டு ஏக்கத்தைச் சுமந்து அவர்கள் நடந்து செல்ல நேர்ந்தது சரியா? ஐந்தாவது உதை 19 வயது இளைஞருக்கு ஒதுக்கப்பட்டது சரியா?

இவை அனைத்தும் நியாயமான கேள்விகள். ஓர் இரசிகருக்கு இவற்றைக் கேட்கும் உரிமை முழுமையாக உண்டு. சவுத்கேற்றும் அதனை மறுக்கவில்லை. உதைப்பவர்களைத் தெரிவு செய்தது தாமே என்றும், பொறுப்பு தம்முடையதே என்றும் அவர் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். 1996 ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில், இதே வெம்பிளியில், ஜேர்மனிக்கு எதிராகத் தம் தண்ட உதையைத் தவறவிட்டவர் அவர். 25 ஆண்டுகளின் பின்னர், அழுதுகொண்டு நின்ற சாகாவை அவர் அணைத்துக்கொண்ட காட்சியை உலகம் பார்த்தது. அந்த வேதனையை அறிந்தவரின் அணைப்பு அது.

ஆனால் அன்றிரவு எழுந்த எல்லாக் குரல்களும் அத்தகைய கேள்விகளாக இருக்கவில்லை. உதையைத் தவறவிட்ட மூவரும் கறுப்பினத்தவர். சாகா இலண்டனிற் பிறந்தவர். அவரது பெற்றோர் நைஜீரியாவைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். சாஞ்சோவும் இலண்டனிற் பிறந்தவர். பெற்றோர் திரினிடாட் தொபாகோவைச் சேர்ந்தவர்கள். றாஷ்போர்ட் மன்செஸ்டரிற் பிறந்தவர். பெருந்தொற்றுக் காலத்தில் வறிய பிள்ளைகளின் இலவசப் பாடசாலை உணவுக்காக அரசோடு வாதாடியவர். ஆட்டம் முடிந்த சில நிமிடங்களுக்குள் இம்மூவரின் சமூக வலைத்தளப் பக்கங்களும் இனவெறிச் சொற்களால் நிரம்பின. இறுதியாட்டத்தின் போதும் அதனைத் தொடர்ந்த 24 மணி நேரத்திலும் 1,622 பதிவுகளை அகற்றியதாக டுவிற்றர் நிறுவனம் பின்னர் அறிவித்தது. அவை அதிகமாக எழுதப்பட்ட நாடு பிரித்தானியாவே என்றும், அச்சுற்றுப்போட்டியின் போது நிரந்தரமாக முடக்கப்பட்ட கணக்குகளுள் 99 வீதமானவற்றின் உரிமையாளர்கள் அடையாளம் காணக்கூடியவர்களே என்றும் அந்நிறுவனம் கூறியது. முகமூடி அணிந்த அந்நியர்களின் செயல் என்று சமாதானம் கூறுவதற்கு அதன்பின் இடமிருக்கவில்லை.

தம்மை நோக்கி எத்தகைய வெறுப்பு வரப்போகின்றது என்பதை அக்கணமே அறிந்துகொண்டதாகச் சாகா பின்னர் எழுதினார். அவையோர்களே, இக்கூற்றை ஆழ்ந்து நோக்க வேண்டும். பந்து தடுக்கப்பட்ட அந்த நொடியில், கிண்ணத்தை இழந்த துயரத்தோடு சேர்த்து, அடுத்து வரப்போகும் வசையையும் ஒரு 19 வயதுப் பிள்ளை கணக்கிட வேண்டியிருந்தது. அந்த இரண்டாவது கணக்கை ஒரு வெள்ளையின வீரர் ஒருபோதும் போட வேண்டியதில்லை.

இதற்கு மறுமொழியாக, இங்கிலாந்து இரசிகர்கள் எல்லா நிறத்தவரையும் பழித்துள்ளனர் என்று கூறுவோர் உளர். அதிலும் உண்மை உண்டு. 1998 உலகக் கிண்ணத்தில் ஆர்ஜென்ரீனாவுக்கு எதிரான ஆட்டத்தில் சிவப்பு அட்டை பெற்று வெளியேற்றப்பட்ட டேவிட் பெக்கம், தோல்விக்குத் தனியொருவராகப் பொறுப்பாக்கப்பட்டார். இலண்டனில் ஒரு மதுச்சாலைக்கு வெளியே அவரது கொடும்பாவி தூக்கிலிடப்பட்டது. மூன்றாண்டுகளின் பின்னர், 2001 ஒக்ரோபரில், கிரேக்கத்துக்கு எதிராக இறுதிக் கணங்களில் அவர் அடித்த கோல் இங்கிலாந்தை உலகக் கிண்ணத்துக்கு அழைத்துச் சென்றது. கொடும்பாவி கட்டியவர்களே அவரைத் தோளிற் சுமந்தனர். ஆகவே, தோல்விக்கு ஒரு பலிகடாவைத் தேடும் பழக்கம் அந்நாட்டு இரசிகர்களிடம் நெடுங்காலமாக உண்டு.

ஆயினும் ஒரு வேறுபாடு உளது. பெக்கம் பழிக்கப்பட்டது அவர் செய்த செயலுக்காக. அந்தப் பழி அளவு கடந்தது, கொடியது. ஆனாலும் அவர் எந்நாட்டவர் என்று எவரும் கேட்கவில்லை. அவரது பாட்டன் எங்கிருந்து வந்தார் என்று எவரும் ஆராயவில்லை. 2022 டிசம்பரில், கட்டாரில் நடைபெற்ற உலகக் கிண்ணக் காலிறுதியில், பிரான்சுக்கு எதிராக அணித்தலைவர் ஹரி கேன் ஒரு தண்ட உதையைக் கம்பத்துக்கு மேலாக உதைத்தார். இங்கிலாந்து 2 இற்கு 1 எனத் தோற்று வெளியேறியது. இரசிகர்கள் துயருற்றனர், விமர்சித்தனர், விவாதித்தனர். அவர் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று எவரும் எழுதவில்லை. செயலுக்காக ஒருவரைக் குறை கூறுவதற்கும், பிறப்புக்காக ஒருவரை வெளியேற்றுவதற்கும் இடையிலுள்ள தூரம் இதுதான்.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், வெற்றியிற்கூட இடம் மறுக்கப்பட்ட காலத்தைக் காணலாம். 1978 நவம்பரில் விவ் அன்டர்சன், இங்கிலாந்தின் முதன்மை அணிக்காக ஆடிய முதற் கறுப்பின வீரரானார். 1984 யூனில், றியோ டி ஜெனிறோவின் மரக்கானா அரங்கில், பிரேசில் அணிக்கு எதிராக ஜோன் பார்ன்ஸ் தனியொருவராகப் பந்தை நகர்த்திச் சென்று அடித்த கோல், அந்நாட்டின் மிகச் சிறந்த கோல்களுள் ஒன்றாக இன்றும் பேசப்படுகின்றது. இங்கிலாந்து 2 இற்குப் பூச்சியம் என வென்றது. ஆனால் அணி பயணம் செய்த வானூர்தியிலேயே இருந்த தீவிர இனவாதக் குழுவொன்றின் ஆதரவாளர்கள், ஆட்ட முடிவு 1 இற்குப் பூச்சியம்தான் என்றனர். கறுப்பினத்தவர் அடித்த கோல் அவர்களின் கணக்கிற் சேராது.

1984 இல் கோல் அடித்தும் கணக்கிற் சேர்க்கப்படாத நிலையிலிருந்து, 2021 இல் கோல் அடிக்கும் வரை சேர்க்கப்படும் நிலைக்கு அந்நாடு வந்திருந்தது. அது முன்னேற்றமே. ஆனால் பயணம் முடிந்துவிட்டது என்று சொல்ல இயலாத முன்னேற்றம். வெல்லும்வரை நம்மவர், தோற்றபின் அயலவர் என்னும் உறவை உரிமை என்று சொல்ல முடியாது. அது தவணைக்குத் தரப்பட்ட இடம். ஒரு தவணை தவறினால் திரும்பப் பெறப்படும்.

அதே 2021 இல் நிகழ்ந்த மறுபக்கத்தையும் கூறாது விடுவது நேர்மையாகாது. இரசிகர்களை ஒரே நிறத்திற் பூசிவிட முடியாது. தோல்விக்குப் பிந்திய மணித்தியாலங்களில் மன்செஸ்டரின் விதிங்ரன் பகுதியில் இருந்த றாஷ்போர்டின் சுவரோவியம் சிதைக்கப்பட்டது. அங்கு எழுதப்பட்டிருந்தது இனவெறி சார்ந்ததாகத் தாம் கருதவில்லை என்று காவற்றுறை பின்னர் தெரிவித்தது. ஆனால் அதற்கு முன்பே மக்கள் வந்துவிட்டனர். சிறுவர்கள் தம் கையால் எழுதிய கடிதங்களையும், இதய வடிவத் தாள்களையும், கொடிகளையும் ஒட்டி, சிதைக்கப்பட்ட இடம் தெரியாதவாறு அச்சுவரை மூடினர். தண்ட உதையைத் தவறவிட்டமைக்காக மன்னிப்புக் கேட்ட றாஷ்போர்ட், தாம் யார் என்பதற்காகவும் எங்கிருந்து வந்தவர் என்பதற்காகவும் ஒருபோதும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை என்று எழுதினார். இளையோர்களே, ஒரு மனிதன் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், எதற்குக் கேட்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை எந்த நூலிலும் தேட வேண்டியதில்லை.

இனவெறி பேசுவோருக்கு விளையாட்டரங்குகளில் வாழ்நாட் தடை விதிக்குமாறு கோரி இரசிகர்கள் தொடங்கிய விண்ணப்பத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். 2021 ஓகஸ்ற் மாதத்தில், சாகாவின் ஆர்சனல் கழகத்துக்கு நூற்றாண்டுக் காலப் பகையாளியான ரொட்டன்காம் கழகத்தின் அரங்கில், அக்கழகத்தின் இரசிகர்களே சாகாவுக்கு ஆதரவான பதாகையை ஏந்தி, அவர் களமிறங்கியபோது கரவொலி எழுப்பினர். பகை ஆட்டத்துக்குரியது, மனிதரின் மதிப்பு ஆட்டத்துக்கு அப்பாற்பட்டது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். வசை எழுதியவர்களுட் சிலர் நீதிமன்றங்களில் தண்டிக்கப்பட்டனர். 2022 இல் சட்டம் திருத்தப்பட்டு, இணையவெளியில் வீரர்களை இனவெறியோடு தாக்கிக் குற்றவாளிகளாகக் காணப்படுவோரையும் விளையாட்டரங்குகளிலிருந்து தடை செய்ய வழி செய்யப்பட்டது.

இறுதியாட்ட நாளில் இரசிகர்கள் இழைத்த மற்றொரு குற்றமும் உண்டு. நுழைவுச்சீட்டு இல்லாத ஏறத்தாழ 2000 பேர் வாயில்களை உடைத்து வெம்பிளிக்குள் நுழைந்ததாக, 2021 டிசம்பரில் வெளியான சுயாதீன அறிக்கை கூறியது. அதற்குத் தண்டனையாக ஓர் ஆட்டத்தைப் பார்வையாளர் இன்றி நடத்துமாறு ஐரோப்பிய உதைபந்தாட்டச் சம்மேளனம் பணித்தது. 2022 யூனில் வூல்வர்காம்ரன் நகரில் நடைபெற்ற அந்த ஆட்டத்தில் எதிரணியாக வந்ததும் இத்தாலியே. விதிகளின்படி 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், அவர்களை அழைத்து வந்த சில பெரியவர்களோடு, அரங்கினுள் அனுமதிக்கப்பட்டனர். வளர்ந்தவர்களின் நடத்தையால் வெறுமையாக்கப்பட்ட இருக்கைகளிடையே பிள்ளைகளின் குரல் மட்டும் ஒலித்தது. ஒரு நாட்டின் இரசிகர் கூட்டத்துக்கு அதனைவிடக் கூர்மையான கண்டனம் இருக்க முடியாது.

பெற்றோர்களே, இவ்விடத்தில் பார்வையைத் தமிழ் இல்லங்களின் பக்கமும் திருப்ப வேண்டியுள்ளது.

இங்கிலாந்து வெல்லும்போது “எங்கட ரீம்” என்றும், தோற்கும்போது “அவங்கட ரீம்தானே” என்றும் வரவேற்பறைகளில் ஒலிக்கும் சொற்களைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றனர். இந்நாட்டவர் சிலர் சாகாவுக்குச் செய்ததையே, அதாவது வெற்றியில் உரிமை கோரித் தோல்வியிற் கைகழுவுவதையே, பெற்றோரும் சிறு அளவிற் செய்து காட்டுகின்றனர். அதைவிடக் கசப்பான உண்மையொன்றும் உண்டு. கறுப்பின வீரர்களின் நிறத்தைக் குறித்தும் தலைமுடியைக் குறித்தும் தாழ்வான சொற்கள் தமிழ் வீடுகளிலும் நகைச்சுவையாகப் பேசப்படுகின்றன. வேலையிடத்திலும் வீதியிலும் தம்மை நோக்கி வரும் இனவெறியைக் கண்டு நெஞ்சு குமுறுவோர், அதே நஞ்சை உணவு மேசையிற் பரிமாறுவது பொருந்துமா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. கூடத்தின் கோணலைச் சுட்டுவதற்கு முன்னர், சொந்தக் கால்களையும் ஒருமுறை குனிந்து பார்ப்பது நன்று.

சாகாவின் கதையில் தமிழ்ப் பெற்றோருக்கு உரிய பாடம் இன்னும் ஒன்றுண்டு. 2024 யூலை 6 ஆம் நாள், ஜேர்மனியின் டுசல்டோர்வ் நகரில், ஐரோப்பியக் கிண்ணக் காலிறுதியில் இங்கிலாந்து சுவிற்சர்லாந்தைச் சந்தித்தது. 75 ஆவது நிமிடத்தில் சுவிஸ் அணி முன்னிலை பெற, 80 ஆவது நிமிடத்தில் தொலைவிலிருந்து உதைத்துச் சமன் செய்தவர் சாகா. ஆட்டம் மீண்டும் தண்ட உதைகளுக்குச் சென்றது. மூன்றாவதாக நடந்து சென்றவர் அதே சாகா. அம்முறை பந்து வலைக்குள் சென்றது. ஐந்து உதைகளையும் கோலாக்கிய இங்கிலாந்து 5 இற்கு 3 என வென்றது. மூன்றாண்டுகளுக்கு முன்னர் அழுத முகம் அன்று சிரித்ததைக் கண்டு பலரும் கண்கலங்கினர். கடன் தீர்ந்தது என்று பலர் பேசினர்.

அந்தச் சொல்லில்தான் ஆபத்து இருக்கின்றது. எந்தக் கடன்? 2024 இல் அந்த உதை மீண்டும் தடுக்கப்பட்டிருந்தால், இலண்டனிற் பிறந்த அந்த இளைஞர் இலண்டனைச் சேராதவர் ஆகிவிடுவாரா? அவர் கோல் அடித்தது அவரது ஆற்றலுக்கும் துணிவுக்கும் சான்று. அவர் அந்நாட்டுக்கு உரியவர் என்பதற்கு அது சான்று அன்று. அதற்குச் சான்று தேவையே இல்லை. வென்று காட்டியதால் ஏற்றுக்கொள்ளப்பட்டார் என்று அக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னால், வெல்லாதவர் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டார் என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்பதாகிவிடும்.

புலம்பெயர்ந்த பெற்றோர் தம் பிள்ளைகளிடம் ஓயாது கூறும் அறிவுரை ஒன்று உண்டு. மற்றவரைவிட இருமடங்கு சிறந்து விளங்கு; அப்போதுதான் இந்நாடு உன்னை மதிக்கும் என்பதே அது. அதன் பின்னால் பெற்றோரின் அச்சமும் அன்பும் உள்ளன என்பதில் ஐயமில்லை. அகதியாக வந்து, இரவு வேலை செய்து, கடன்பட்டுப் பிள்ளையைப் படிக்க வைத்தவர்களின் அனுபவம் அது. ஆயினும் அதனைக் கேட்டு வளரும் பிள்ளை மற்றொன்றையும் மனத்துட் பதித்துக்கொள்கின்றது. பரீட்சையிற் பெறுபேறு குறைந்தால், விரும்பிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காவிட்டால், வேலை பறிபோனால், தனக்கு நாட்டிலும் இடமில்லை, வீட்டிலும் முகமில்லை என்று எண்ணிக்கொள்கின்றது. பந்து தடுக்கப்பட்ட நொடியிலேயே வசையை எதிர்பார்த்த சாகாவைப் போல, பெறுபேற்றுக் கடிதத்தைத் திறக்கும் நொடியிலேயே பெற்றோரின் முகத்தை எதிர்பார்த்து நடுங்கும் பிள்ளைகள் தமிழ் இல்லங்களில் இல்லையென்று எவராலும் கூற முடியாது.

அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது 2021 யூலை 11 இரவில் சவுத்கேற் செய்த செயல். அவர் உதை சரியாக இருந்தது என்று பொய் கூறவில்லை. தோல்வியைத் தோல்வியன்று என்று மறைக்கவும் இல்லை. முதலில் அணைத்துக்கொண்டார், பொறுப்பைத் தாம் ஏற்றார், ஆராய்வதைப் பின்னருக்கு வைத்தார். அந்த ஒழுங்கு முறையே பெற்றோர் பின்பற்றத் தக்கது.

இப்பிரச்சினை ஓய்ந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். 2025 யூலையில் சுவிற்சர்லாந்தில் நடைபெற்ற மகளிர் ஐரோப்பியக் கிண்ணத்தின் போது, இங்கிலாந்து மகளிர் அணியின் ஜெஸ் காட்டர் சமூக வலைத்தளங்களில் இனவெறித் தாக்குதலுக்கு உள்ளானார். அவரது அணி அப்போது தோற்று வெளியேறியிருக்கவும் இல்லை, அரையிறுதிக்கு முன்னேறியிருந்தது. சக வீராங்கனைகள் அவருடன் ஒன்றாக நின்றனர். அவ்வணி, யூலை 27 ஆம் நாள் பாசல் நகரில் ஸ்பெயினைத் தண்ட உதைகளில் வென்று கிண்ணத்தைத் தக்கவைத்தது. வெற்றிகூட வெறுப்பைத் தானாகத் தீர்க்காது என்பதையும், உடன் நிற்பவர்கள் இருந்தால் வெறுப்பின் நடுவிலும் நிமிர்ந்து ஆட முடியும் என்பதையும் அந்தச் சுற்றுப்போட்டி ஒருங்கே காட்டியது.

இளையோர்களே, உங்களிடம் வேண்டுவது மிகையானதன்று. ஆட்டத்தை விமர்சியுங்கள். பயிற்றுநரின் திட்டத்தைக் கேள்விக்கு உட்படுத்துங்கள். பிழையான உதையைப் பிழையென்றே கூறுங்கள். ஆராயாத அன்பு எந்த அணியையும் வளர்க்காது. ஆனால் விமர்சனம் செயலிலிருந்து பிறப்பை நோக்கி நகரும் நொடியை அடையாளம் காணப் பழகுங்கள். அந்நொடியில் நண்பர்களிடையே இருந்தாலும், உறவினரிடையே இருந்தாலும், கைத்தொலைபேசியின் திரைக்கு முன்னால் இருந்தாலும், வாய் திறந்து மறுத்துப் பேசுங்கள். வசைப் பதிவைப் பகிராது முறையிடுங்கள். வகுப்பறையில் ஒரு கறுப்பின மாணவரோ மாணவியோ தோல்விக்கு மறுநாள் தனித்து அமர்ந்திருந்தால், அருகிற் சென்று அமருங்கள். அதற்குப் பெரும் உரைகள் தேவையில்லை.

பெற்றோர்களே, இங்கிலாந்து அணி இறுதியாட்டங்களில் மீண்டும் தோற்கக் கூடும். 2024 யூலை 14 அன்று பேர்லினில் ஸ்பெயினிடம் 2 இற்கு 1 எனத் தோற்றது. இரு நாட்களின் பின்னர் சவுத்கேற் பதவி விலகினார். தோல்விகள் வந்துகொண்டே இருக்கும். அத்தகைய ஓர் இரவின் மறுநாட் காலையில், உங்கள் பிள்ளை அந்த வெண்ணிறச் சட்டையை அணிந்து வெளியே செல்வதா, அலுமாரிக்குள் மடித்து வைப்பதா என்று தயங்கி நிற்கக் கூடும். அணிந்து செல் என்று சொல்லுங்கள். தோற்ற அணியின் சட்டையை மறுநாளும் அணிபவரே அந்த அணிக்கு உரியவர். தோற்ற வீரரின் பெயரை மறுநாளும் மதிப்போடு சொல்பவரே இரசிகர். தோற்ற பிள்ளைக்கு மறுநாளும் அதே கதவைத் திறந்து வைப்பதே வீடு.